ஒரே துணியில் தைத்த சட்டைகள்

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஆளுக்கொரு துணி எடுக்கும் வழக்கம் இல்லை. மொத்தமாக ஒரே துணியை வாங்கி, அப்பாவுக்கு, மாமாவுக்கு, எனக்கு என்று தையல்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட துணி வந்தது. மூன்று பேரும் சேர்ந்து போனால் ஜன்னல் திரை நடந்து போவது போல இருக்கும் என்று அம்மாவே சிரிப்பாள். வளர்கிற பிள்ளை என்று எனக்கு மட்டும் இரண்டு அளவு பெரிதாகத் தைத்திருந்தார்கள்.

அடுத்த புரட்டாசியில் நான் ஐந்தாம் வகுப்பு. அதோடு என் படிப்பு முடிந்துவிட்டது என்பது வேறு கதை. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருப் பையன்களுக்கு மோகன் வைத்ததுதான் சட்டம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஏரியோரம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கிரிக்கெட்டில் யார் ஆடலாம் என்பதை அவன்தான் முடிவு செய்வான், ஏனென்றால் பேட் அவனுடையது. நானோ, கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டால் வாங்க வந்ததை மறந்துவிடுகிற பையன். இரண்டு மாதமாகப் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது பேட் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் திருநீர்மலைக்கு நடந்தே போவோம். பெருமாளைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் நம்பினார்கள். நாங்கள் போனது புளியோதரைக்கு. அதற்கு மோகன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஒரு தொன்னை வாங்கித் தின்றதும் நெற்றி நாமத்தை அழித்துவிட்டு, சட்டையை ஒருவருக்கொருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவது சுற்றுக்குத் தலையை நனைத்து வேறு பக்கமாக வாரிக்கொள்ள வேண்டும். கடைசிச் சனிக்கிழமையன்று, மூன்று சுற்றும் வராதவனுக்கு நாளைக்கு ஆட்டத்தில் இடமில்லை என்று அவன் அறிவித்தான். அறிவிப்பு எல்லோருக்கும்தான். பார்வை என் மேல் இருந்தது.

முதல் சுற்று வந்தேன். பிரசாதம் கொடுத்தவர் ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொன்னையை வைப்பார். அந்த ஒரு பார்வைக்கே எனக்கு வேர்த்துவிட்டது. அதே முகத்தை அவரிடம் இன்னொருமுறை கொண்டுபோய்க் காட்டுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“நான் வர்ல” என்றேன். மோகனிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் தன் சட்டையை என் தலைவழியாக மாட்டப் பார்த்தான். நான் பக்கத்திலிருந்த கல்தூணைக் கட்டிக்கொண்டேன்.

“இன்னாடா பாப்பா, தூண்லேர்ந்து பெருமாள் வந்து உன்ன காப்பாத்துவாரா?” என்றான் மோகன்.

மற்றவர்கள் பாப்பா, பாப்பா என்று ராகம் போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் தூணை விடவில்லை. கடைசியில் சட்டையையாவது கழற்றிக் கொடு என்றான். கொடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒருமுறை மாட்டேன் என்று சொல்லத்தான் என்னிடம் தெம்பு இருந்தது. என் மஞ்சள் கட்டச் சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

அன்று மாமாவும் வேலை முடிந்து நேராக மலைக்கு வருவார் என்று யாருக்குத் தெரியும்? மோகன் ஈரத்தலையோடு மூன்றாவது சுற்றில் நின்றபோது, அவனுக்குப் பின்னால் மாமா வந்து சேர்ந்தார். அவர் உடம்பிலும் அதே மஞ்சள் கட்டம். முன்னால் நின்ற பையன்கள் மூணாவது ரவுண்டு, மூணாவது ரவுண்டு என்று கிசுகிசுத்துச் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

“ஏன்டா, வூட்ல உனக்கு சோறே போடறதில்லியா?” என்று காதைப் பிடித்துத் திருகினார்.

திரும்பிய முகம் மருமகனுடையது இல்லை. காதை விடுவதா வேண்டாமா என்று மாமா திகைத்து நிற்க, வரிசை இருவரையும் அப்படியே முன்னால் தள்ளிக்கொண்டு போனது. பிரசாதம் கொடுத்தவர் இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்பனும் புள்ளயும் சண்டைய வீட்ல போய் வச்சுக்கங்கப்பா” என்று ஆளுக்கொரு தொன்னை வைத்தார்.

மாமாவுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். காதும் விடுதலையானது.

மோகனைக் கூட்டிக்கொண்டு தூணருகே வந்த மாமா, வெற்றுடம்போடு நின்ற என்னைப் பார்த்து, நீ ஏன் போகவில்லை என்று கேட்டார். மோகன்தான் புகார் சொல்வது போலச் சொன்னான்.

“எவ்ளோ இழுத்தும் வர்லண்ணா. தூண கட்டிப் புடிச்சிகினான்.”

மாமா தன் தொன்னையை என் கையில் வைத்தார். எல்லோரையும் பஸ்ஸில் வீட்டுக்கு அழைத்து வந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் என் நேர்மையைப் பற்றி அவர் நான்கு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வளர்ந்தது. எனக்கு வெறும் கூச்சம்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஆட்டத்தில் இடமில்லை என்று தெரிந்தும் கால் ஏரிக்கரைக்கே போனது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், வழக்கம்போல ரன் அவுட் சண்டை. மோகன் கோட்டைத் தொட்டுவிட்டேன் என்றான். எதிரணி இல்லை என்றது. இரண்டு பக்கமும் அம்மா மேல் சத்தியம் செய்தார்கள். மோகன் சுற்றிலும் பார்த்தான்.

“பாப்பாவ கேளு. அவன் சொல்லட்டும்.”

எதிரணி மறுபேச்சுப் பேசவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெதுவாக ஒரு விரலைத் தூக்கினேன். மோகன் பேட்டைக் கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்து ஸ்டம்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இனிமேல் எல்லா ஆட்டத்துக்கும் நீ இங்கேதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு அன்று சண்டையே வரவில்லை. நான் தலையாட்டினால் ஆடினார்கள், விரலைத் தூக்கினால் போனார்கள்.

வீட்டுக்கு அழுதுகொண்டே வந்தேன். மாமா ஏன் என்று கேட்டார்.

“என்ன ஆட்டத்துல சேத்துக்கல மாமா. நடுவுல சும்மா நிக்க வச்சிட்டாங்க. அவுட்டா இல்லியான்னு மட்டும் என்ன கேக்கறாங்க.”

அந்த மஞ்சள் கட்டம் போட்ட சட்டை குலுங்கக் குலுங்க மாமா சிரித்தார். அழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று, நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.