மூடிய ஜன்னலும் ஸ்டெல்லா மேடமும்

பொங்கலுக்குப் போன இடத்தில், திருச்சியில் மாமனார் வீட்டு வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது ஜெபராஜ் அழைத்தார். ஸ்டெல்லா மேடத்தின் தம்பி. ஏதோ புகைப்படக் கண்காட்சி வேலையாக இருக்கும் என்று நினைத்து உற்சாகமாகத்தான் எடுத்தேன். "சார், அக்கா போயிட்டா சார்" என்றார். "தூக்கத்துலயே. எழுப்பப் போனேன், எழுந்திருக்கல. சாயங்காலம் அடக்கம். வந்துடுங்க." காபியை அப்படியே வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

சென்னையின் நுழைவாயிலான பெருங்களத்தூரை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போன சென்னை முழுவதும் அந்த ஒரு சாலை வழியாகத்தான் வீடு திரும்புகிறது. வண்டலூர் தாண்டியதும் பேருந்து நெரிசலில் நின்றுவிட்டது. ஜெபராஜ் திரும்பத் திரும்ப அழைத்தார். "எங்க சார் கீறீங்க?" என்று நடுவில் யாரோ போனை வாங்கிக் கேட்டார்கள். நான் இறங்கி நடந்தேன், கொஞ்ச தூரம் ஓடவும் செய்தேன். மேடத்தின் கிழக்குத் தாம்பரத்து வீட்டை அடைந்தபோது வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் கல்லறையிலிருந்து திரும்பி, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "எவ்ளோ சொல்லிப் பார்த்தேன் சார். இருட்டிடும்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. சாலையைத்தான் மனம் போனபடி திட்டினேன்.

மேடத்தை அறிந்தவர்களுக்கு, அடக்கத்தைத் தவறவிட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். அடக்கத்துக்கு இல்லாமல் போவது என்றால் என்ன என்பதைத்தான் அவர் பல வருடங்களாகப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரே கல்லூரியில் அவர் விலங்கியல் ஆசிரியர், நான் தமிழ். அவர் எடுப்பவை நடந்ததை நடந்தபடி பிடிக்கும் படங்கள் அல்ல. ஆட்களை நிறுத்தி, உடை மாட்டி, ஒரு காட்சியை முழுக்கத் தானே அமைத்து எடுப்பார். கண்காட்சியில் அவற்றின் பக்கத்தில் ஒட்டும் விளக்கக் குறிப்புகளை நான் எழுதினேன். எழுதும்போதெல்லாம் சண்டையும் போட்டேன்.

அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கும். அவருடைய அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படம். பெட்டியை மூடுமுன் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வீடுகளில் வழக்கம். அம்மா மடியில் ஜெபராஜ் குழந்தையாக இருப்பார். ஸ்டெல்லா மேடம் இருக்க மாட்டார். அப்போது சிறுமியான அவருக்கு அம்மை போட்டிருந்ததால் உள்ளறையில் படுக்க வைத்துவிட்டார்கள். முற்றத்தில் பாடிய பாட்டு மட்டும் கேட்டதாம். "பின்னாடி ஒரு ஜன்னல் மூடி இருக்கு பாருங்க சார். அதுதான் நான்" என்று முதல்முறை காட்டியபோது சொன்னார். நான் அதுவரை அந்த ஜன்னலைக் கவனிக்கவே இல்லை.

அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று அவர் கிளம்பியபோது, சாமான் வாங்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரியப்பாவாக நான் நிற்க வேண்டும், அதற்குத் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி வேண்டும். கடைக்காரர் ஒரு குவியலைக் காட்டினார். மேடம் அதில் கால் ஒடிந்து நூல் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். "இன்னாம்மா, ஒடைஞ்சத எடுக்கற? நல்லது எவ்ளோ கீது பாரு" என்றார் கடைக்காரர். "எங்க பெரியப்பாவுது ஒடைஞ்சுதான் இருந்துச்சு" என்றார் மேடம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான்தான் அந்தப் பெரியப்பா என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அதே முற்றத்தில், அப்பாவின் பெட்டி இருந்த இடத்தில் ஒரு நீள பெஞ்சைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தார். அக்கம்பக்கத்தாரும் கல்லூரிக்காரர்களுமாக நின்றோம். நான் துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். மேடம் காமிராவிலிருந்து தலையைத் தூக்கி, "சார், நடிக்காதீங்க. போட்டோ எடுக்கற நேரத்துல யாரும் அழல. போட்டோக்காரர் 'இங்க பாருங்க'ன்னார், பாத்தாங்க, அவ்ளோதான்" என்று அதட்டினார். அன்றைய சண்டை அதிலிருந்து தொடங்கியது. இதெல்லாம் ஜோடனை, ஞாபகம் ஆகாது என்றேன். "பழைய படத்துலயும் போஸ்தான் கொடுக்கறாங்க. அது மட்டும் நெஜமா?" என்று கேட்டார். பதில் வராத சண்டைகளை நான் எளிதில் விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எங்களோடு முற்றத்தில் அவரும் வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். காமிராவை ஜெபராஜ் கையில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போனார். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. கம்பிகளுக்குப் பின்னால் நின்று அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் வெளியே வரவில்லை?" என்று பிறகு கேட்டேன். "அவ்ளோ தூரம் பொய் சொல்ல முடியாது சார். ஜன்னலைத் திறக்கலாம், அவ்ளோதான்" என்றார். கண்கள் சிவந்திருந்தன. அப்பாவுக்காக அன்றுதான் முதன்முதலில் அழுததாக ஜெபராஜிடம் சொன்னாராம். படத்தின் அடியில் 'பிறகு எடுத்தது' என்று தன் கையால் எழுதினார். அதன்பின் எடுத்த எல்லாப் படங்களுக்கும் அதே இரண்டு சொற்கள்தான்.

அந்தப் படம் கேளம்பாக்கத்தில் ஒரு சின்னக் கூடத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, கழுத்தில் அலுவலக அட்டையோடு ஓர் இளைஞர் வந்து அதன் முன் வெகுநேரம் நின்றார். வெறும் பெஞ்சைக் காட்டி, "இதுல யாருங்க இறந்தவர்?" என்று கேட்டார். என் குறிப்பைப் படிக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். கொரோனா காலத்தில் தன் அப்பாவின் தகனத்தை வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்ததாகவும், பாதியில் இணைப்பு அறுந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். மேடம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எங்க நிக்கணும் தம்பி?" அவருக்காக ஒரு படம் எடுத்தார். பிறகு, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க முடியாமல் போனவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள்.

நான் கடைசிவரை முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். நாளைக்கு இவர்களெல்லாம் அங்கே இருந்ததாகவே நம்பிவிடுவார்கள் என்றேன். "அங்க இருந்தவங்களுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கா சார்? என் தம்பி அம்மா மடியிலேயே இருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இனிக் கேட்க முடியாது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஜெபராஜ் மறுபடி அழைத்தார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க சார். வெள்ளைச் சட்டை." என்ன என்று கேட்குமுன் வைத்துவிட்டார். போனால், முற்றத்தில் அதே பெஞ்சு, மேலே வெள்ளைத் துணி. அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள் அன்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். பெஞ்சின் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். "அக்கா சொல்லிட்டுப் போகல சார். நாங்களா செய்யறோம். அன்னைக்கு எடுத்த, நீங்க இல்லாத படத்தை மாட்ட எனக்கு மனசு வரல" என்றார் ஜெபராஜ்.

இத்தனை வருடம் எதிர்த்து வாதாடியவன் என்பதால் மறுத்துவிடத்தான் நினைத்தேன். அந்தத் தலைமாட்டு இடத்தைப் பார்த்தேன். நான் அங்கே இருந்தவன் அல்ல. பெருங்களத்தூரில் இருந்தவன். நேராக வீட்டுக்குள் போனேன். உள்ளறை ஜன்னல் மூடியிருந்தது. கொக்கியை எடுத்துத் திறந்தேன். வெள்ளைத் துணியும், சுற்றி நின்றவர்களின் முதுகுகளும், அவர்களுக்கு அப்பால் காமிராவோடு ஜெபராஜும் தெரிந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் இங்க பாருங்க" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.

அந்தப் படம் இப்போது என் மேசைக்கு மேலே இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஜன்னல்தான். இந்த ஒன்றுக்கு நான் விளக்கக் குறிப்பு எழுதவில்லை. அடியில் ஜெபராஜ் எழுதித் தந்த இரண்டு சொற்கள் போதும்: பிறகு எடுத்தது.