ஒரு வரி எழுதிய நோட்டு

என் பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்குக் கீழே, இருநூறு பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. முதல் பக்கத்தில் நீல மையில் ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் வெறும் தாள். படம் வரையக் கொடு என்று பேத்தி எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். கொடுக்க மனம் வரவில்லை. வைத்துக்கொண்டிருப்பதும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், நெரவியிலிருந்து பஸ் ஏறிக் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் பிறப்பு, இறப்புப் பதிவேடு பார்த்தவரை அக்கா என்பேன். உடன்பிறந்தவர் இல்லை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பிரெஞ்சில் எழுதிய பழைய பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி அவர் விரல்நுனி பழுப்பேறியிருக்கும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவர் வீட்டு மீன் குழம்பு எனக்கு, எங்கள் வீட்டு வத்தக்குழம்பு அவருக்கு.

சோற்றோடு ஆசைகளும் கைமாறின. நான் வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன். போன வேகத்தில் திரும்பி வரும். "வந்தா வரட்டும் புள்ள, வழி தெரிஞ்ச கதை, இன்னொரு தடவ போவும்" என்பார் அக்கா. அவருக்குத் தபால்தலை சேர்க்கும் பழக்கம் இருந்தது. எல்லாம் அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து கிழித்தவை. ஒருநாள் இருவரும் சேர்ந்து ஆளுக்கொரு நோட்டு வாங்கினோம். நான் என் கதைகளை எழுத, அவர் தன் குடும்பக் கதையை எழுத. மறுநாளே முதல் வரியை எழுதிக் கொண்டுவந்து, வெட்கத்தோடு காட்டினார். அடடா, என்ன வரி! பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அந்த வரிக்குப் பின்னால் இருந்த கதையையும் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, எந்த நாட்டுக் குடிமக்களாக இருக்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்க ஊரில் ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த அப்பாவுக்குப் பிரான்சுப் பக்கம் எழுதிக் கொடுக்க ஆசை. அதற்கு ஆதாரமாகக் கேட்ட காகிதக் கட்டை மட்டும் காணவில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனித அந்தோனியார் மாடத்தில் சிலையாக இருக்க, அவர் முன்னால் முழந்தாளிட்டுத் தினமும் செபம் செய்தார். கட்டு அந்தச் சுரூபத்துக்குப் பின்னாலேயே இருந்தது. ஒளித்தது அம்மா. "ஒம்போது வருஷம் தனியாக் கெடந்தவங்க புள்ள. மறுபடியும் கப்பலேறிடுவாருன்னு பயம்." தவணை முடிந்தபின் கட்டை அடுப்பில் போட்டுவிட்டு, பல வருஷம் கழித்து மகளிடம் மட்டும் அழுதிருக்கிறார். "அப்பா இன்னிக்கும் தன்னோட கவனக்கொறவுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. அவரு கண்ண மூடுனப்புறம் இத நான் எழுதணும். எனக்குன்னு இருக்குற ஆசை இது ஒண்ணுதான். நீ யார்ட்டயும் வாயத் தொறந்துடாத."

வாயைத் திறக்கவில்லை. எழுதினேன். அந்த வருஷம் மூன்று கதை திரும்பி வந்திருந்தது, கை அரித்துக்கொண்டிருந்தது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், இதுவும் திரும்பித்தானே வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தபாலில் போட்டேன். திரும்பி வரவில்லை. அச்சாகப் போகிறது என்று கடிதம் வந்ததும் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். கோழை, வேறென்ன!

கடையில் தொங்கிய பத்திரிகையில் என் பெயரைப் பார்த்து அக்காவே வாங்கியிருக்கிறார். கதையைப் படிக்கக்கூட நிற்காமல், அப்பாவையும் அம்மாவையும் கூடத்தில் உட்காரவைத்து, "நம்ம புள்ள கதை வந்திருக்கு, கேளுங்க" என்று உரக்க வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

மறுநாள் அலுவலகத்தில், நோட்டை என் டைப்ரைட்டர் மேல் வைத்துவிட்டு அக்கா நின்றபடியே சொன்னார்:

"மொத வரிய வாசிச்சேங்க. அதுக்கு மேல தாள்ல இருந்தத வாசிக்கல. நானா ஒரு கதை சொன்னேன். காகிதம் கெடைக்கவே இல்ல, கெடைக்காததாலதான் அந்த ஆளு பொண்டாட்டி புள்ளைங்களோட ஊர்லயே இருந்து, புள்ளைங்க வளந்ததக் கண்ணால பாத்தாருன்னு. அப்பா, நல்ல கதைம்மா, என் கதையாட்டம் இருக்குன்னாரு. அம்மா என்னைப் பாத்தாங்க, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. இனிமே எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க. இத நீங்களே வச்சுக்குங்க."

வாய்க்கு வாய் புள்ள என்று கூப்பிட்டவர் 'நீங்க' என்றார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. சில மாதத்தில் நெடுங்காட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தக் கூடம்தான் கண்முன் வரும். நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, எனக்கும்தான். "நல்லா இருக்கீங்களா? எழுதுறீங்களா?" என்றார். இல்லக்கா என்றேன். அப்பா, அம்மா இருவரும் போய்ப் பல வருஷமாகிவிட்டதாம். இனிமேல் எழுதலாமே அக்கா, நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "அன்னிக்குக் கூடத்துல சொன்னதோட என் கதை முடிஞ்சு போச்சுங்க" என்றார். நெடுங்காட்டு பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'தொலைந்ததைத் தேடித் தருகிறவர் எங்கள் வீட்டு மாடத்திலேயே இருந்தார்.' அக்காவின் கையெழுத்து. என் கதையும் அப்படியேதான் தொடங்கியது, ஓர் எழுத்துகூட மாறாமல். பெயரை மாற்றியவள், ஊரை மாற்றியவள், அந்த வரியை மட்டும் மாற்ற மனமில்லாமல் விட்டேன்.