கலக்கியவர் ருசிக்காத பானம்

மதுவைப் பற்றி நான் இரு பக்கமும் பேசியிருக்கிறேன். பாடசாலை மேடையில் மதுவிலக்கை ஆதரித்தும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அதை எதிர்த்தும் பேசி, இரண்டிலும் வென்றேன். ஒரு துளிகூட நாவில் படாத ஒரு பொருளைப் பற்றி அத்தனை உறுதியோடு பேச முடிந்ததை என் திறமை என்றே கருதினேன். அந்தக் கருத்தை இன்றும் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு துளிகூட நாவில் படாமல் ரம் கலக்கும் நிலை என் அண்ணனுக்கு வந்தபோது, பேசுவதைவிடக் கலக்குவது சற்றுக் கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன் மாலைதீவில் ஒரு விடுதியில் பானங்கள் கலக்குபவராக இருந்தார். ஒப்பந்தம் முடிந்து வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. அந்த நேரத்தில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் ஆள் தேடியது. உள்ளூர்ப் பழங்களைக் கொண்டு, வேறெங்கும் கிடைக்காத ஒரு ரம் கொக்டெயில் செய்துகாட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. வேலை கிடைத்தால் விடுமுறைக்கு விடுமுறை வீட்டில் சோறு உண்ணலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் மாலைதீவு. மறுபடியும் தொலைபேசித் திரையில் அம்மாவின் பாதி நெற்றி.

தேர்வு நாள் வைகாசிச் சடங்குக்குள் விழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறையே திறக்கும் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால், அம்மனைக் குளிர்விக்கும் கடைசி நாள் குளிர்த்தி முடியும்வரை எங்கள் ஊரில் மீன்சட்டிகள் கவிழ்ந்தே கிடக்கும். சாராயத்தை விட முடியாதவர்களும் விட்டுவிடுவார்கள். கதவு திறந்த மறுநாள் அண்ணன் கடைத்தெருவிலிருந்து ரம் போத்தலோடு வந்து இறங்கினார்.

"அத அங்கேயே வை மனே. படலைக்குள்ள கொண்டராத" என்றார் அம்மா.

வாதாடுவதற்காகவே பிறந்தவள் அருகில் இருக்கும்போது அண்ணன் ஏன் பேச வேண்டும்? நான் எழுந்தேன். ரம் என்பது யாது? கரும்பின் சாறு. கரும்பு அம்மனுக்கு ஆகாத பொருளா? தொழிலுக்காகத் தொடுவதும் இன்பத்துக்காகக் குடிப்பதும் ஒரே குற்றமாகுமா? தாயின் அருகிலேயே வாழ விரும்பும் ஒரு மகனை அம்மனே கடல் கடந்து துரத்துவாளா? கடைசிக் கேள்வியில் குரலைத் தாழ்த்தினேன். வளாகத்தில் அந்த இடத்தில்தான் கைதட்டல் எழும்.

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். "பேசி முடிஞ்சா?"

"முடிஞ்சு."

"நல்லாப் பேசினாய் புள்ள. போத்தில் வெளியதான்."

வெளியே என்றால் எங்கே? வாசற்படலைக்கு அப்பால் இருந்த ஒழுங்கைத் தெருவும் அதே ஊர்தான். அங்கும் அதே நோன்புதான். இந்தச் சிக்கலுக்குள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மட்டக்களப்பு வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்து சேர்ந்தார். செய்தி அவருக்கு எப்படி எட்டியது என்று நாங்கள் கேட்கவில்லை.

"எங்கட ஊர்க் கோயில் கதவு வாற கிழமைதான் அக்கா துறக்கும். அதுவரை நான் குடிச்சா ஒரு குத்தமுமில்ல" என்றார்.

அம்மா தம்பியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு வாவியைப் பார்த்தார். வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம்.

"ஆத்துக்குள்ள என்னண்டாலும் செய்யுங்க. கரையில ஒரு சொட்டும் விழக்கூடா."

நான் கால் மணி நேரம் பேசியும் கிடைக்காத தீர்ப்பு இரண்டு வாக்கியங்களில் கிடைத்தது. அடித்தளம் என்னுடையது என்பதை மட்டும் பணிவோடு குறிப்பிடுகிறேன்.

பழவேலை எங்கள் அடுக்களையில் நடந்தது. முந்திரியம்பழக் காலம் அது. பழத்தைப் பிழிந்து, தொண்டையைப் பிடிக்கும் காறலை அடக்க உப்புக்கல் போட்டு, சீலையில் வடித்தார் அண்ணன். அந்தச் சீலையில் பட்ட கறை இன்னமும் போகவில்லை. அன்னாசிச் சாறும் செவ்விளநீரும் கலந்து, புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தார். அதுவரை எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். இனி ரம் சேர்க்க வேண்டும்.

"ருசி பாக்காம எப்பிடியம்மா அளவு புடிக்கிற?"

"அம்மனுக்குப் படைக்கிறத நான் ருசி பாத்தா ஆக்குறன்? உப்புக் குறையெண்டு ஒரு நாளாவது ஆரும் சொன்னதா?"

"அம்மன் திரும்பிச் சொல்ல மாட்டா அம்மா" என்றேன்.

"வாயக் கழுவிட்டு வா!"

வெயில் தாழ்ந்ததும் சாற்றைக் குடத்தில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். போத்தல் தோணியில் இருந்தது. மாமாவும் தோணியில் இருந்தார், நடுவருக்குரிய கம்பீரத்தோடு. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாலைதீவிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர்க் குவளையைத் தோணியின் மேல் பிடித்துக் கலக்கினார், குலுக்கினார், நீட்டினார். மாமா குடித்தார். கண்ணை மூடினார்.

"நல்லாரிக்கி. ரம்மு காணாது."

அண்ணன் சேர்த்தார். மாமா குடித்தார்.

"இப்ப நல்லாரிக்கி. எண்டாலும் காணாது."

கரையில் நின்ற நான் பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தேன். "மாமா, நடுவர் ஒரு பக்கம் சாயக்கூடா!"

"தோணிதான் சாயுது மருமகள். நான் சாயல்ல."

மாமா போதும் என்று சொன்னபோது, போத்தலுக்கு முன்பே அவருடைய நிதானம் தீர்ந்திருந்தது. அந்த அளவையே அண்ணன் மனத்தில் பதித்துக்கொண்டார். வேறு நாக்கு எங்களுக்கு வாய்க்கவில்லை.

எஞ்சியது பேச்சு. வேலை தருபவர்களுக்குப் பானத்தை அறிமுகம் செய்ய ஓர் உரையை எழுதிக் கொடுத்தேன். வாவியில் தொடங்கி, வட்டை வயல்களின் பசுமையில் நடந்து, கடலில் முடியும் உரை. பாடும் மீன்கள் இல்லாமல் மட்டக்களப்பைப் பற்றி மேடையில் பேசுவது வழக்கமில்லை. ஆகவே அவையும் ஓரிடத்தில் பாடின. அண்ணன் இரண்டு நாள் மனனம் செய்தார்.

தேர்வன்று முதல் வரியிலேயே அவருக்கு உரை மறந்துபோனதாம். எதிரே இருந்த முகாமையாளர், கொழும்புக்காரர், இரக்கப்பட்டுக் கேட்டிருக்கிறார்: "சரி, அத விடுங்க. நீங்க குடிச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"நான் குடிக்கல்ல சேர்."

"என்ன?"

"எங்கட கோயில் கதவு துறந்து கிடக்கு. குளிர்த்தி முடியாமக் குடிக்க ஏலா."

முகாமையாளர் கிண்ணத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னாராம். வேலை அன்றே கிடைத்தது. அடுத்த வாரம் மதுக்கூடத்தின் பலகையில், இரண்டு மொழிகளில், பானத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி ஏறியது: "கலக்கியவரே இன்னும் ருசிக்காத பானம்." வெள்ளைக்காரர்கள் அதன் அருகில் அண்ணனை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். என் உரையிலிருந்து ஒரு சொல்கூட எடுக்கப்படவில்லை. உரையை மறந்தால்தான் அந்த வரி பிறக்க முடியும், மறப்பதற்கு முதலில் ஓர் உரை வேண்டும் என்று அண்ணனுக்கு விளக்கியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை.

எங்கள் ஊரில் குளிர்த்தி முடிந்து வந்த முதல் விடுமுறையில் அண்ணன் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிணற்றடியில் வைத்துக் கலக்கினார். கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"நான் குடிச்சா அந்தப் பலகை பொய்யாகிடும்."

எழுதிய நாளில் உண்மையாக இருந்தது எந்நாளும் உண்மையே என்று நான் தொடங்கினேன். அம்மா முடிக்க விடவில்லை. "பொய் சொல்லி விக்கிற வேல வேணாம் மனே. நீ குடியாம இரி."

கிண்ணம் என் பக்கம் திரும்பியது. அம்மா சரியாக அந்த நேரம் பார்த்துக் கோழிகளுக்குத் தீன் போடப் போனார். நான் ஒரு கரண்டி எடுத்தேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலைதீவுக்குப் போகாமல் தன்னை நிறுத்திவைத்த பானத்தின் ருசியை இனி அவர் என் வாயால்தான் அறிய முடியும். "எப்பிடி? வடிவாச் சொல்லு புள்ள."

வாவியும் வட்டையும் கடலும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றும் அந்தக் கரண்டிக்குப் பொருந்தவில்லை.

"ரம்மு கூடிப்போச்சு" என்றேன்.

அண்ணன் தலையசைத்தார். "மணத்தில எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு."

அடுத்த நாளே அளவைக் குறைத்தார். பாசிக்குடாவில் ஒருவரும் முறையிடவில்லை. முறையிடக்கூடிய ஒரே ஆள் மாமா. அவருடைய ஊரில் அப்போது கோயில் கதவு திறந்திருந்தது.