கார்பெட்டுக்கு அடியில் இருந்த பலகை

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் இஜாஸ் நடத்திவந்த கார் ஆடியோ கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் டிரைவர்களும், எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்து வரும் கார்க்காரர்களும் விசாரித்துக்கொண்டு அவனிடமே வந்தார்கள். சத்தம் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும், நீல விளக்கு மினுக்க வேண்டும், வேலை சட்டென்று முடிய வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் என்பது ஒரு கனத்த அலுமினியக் கட்டி. அதை வண்டியின் தகரத்தில் நேராக முடுக்கினால் பாட்டுக்கு நடுவே இரைச்சல் வரும் என்பார்கள். அதனால் நடுவில் ஒரு பலகை வேண்டும். பலர் பின் சீட்டுக்குப் பின்னால், தோள் உயரத்தில், பரண் மாதிரிப் பலகை அடித்து அதன்மேல் வைக்கச் சொல்வார்கள். அப்போதுதான் ஏறுகிறவர்கள் கண்ணில் படும்.

இஜாஸ் அதற்கு பேக்கிங் பலகையைப் பயன்படுத்தினான். வெளிநாட்டிலிருந்து மிஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளைக் கம்பெனிகள் பிரித்துப் போடும். பழைய மரக்கடையில் அது மலிவாகக் கிடைக்கும். மெத்தென்ற மரம். ரம்பம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், ஸ்க்ரூ கையாலேயே பாதி ஏறிவிடும். மேலே கறுப்பு கார்பெட் துணியை இழுத்து ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது தேக்கா, தீக்குச்சி மரமா என்று யாருக்கும் தெரியாது. ஆட்டிப் பார்ப்பான். ஆடாது. ஆடாமல் இருந்தால் போதும் என்றே அவன் நினைத்திருந்தான். அவனுடைய சொந்த ஆம்னி வேனிலும் அதே பலகையில் அடித்த பரண்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பரீதாவை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பினான். அங்கே அவளுடைய அத்தா, இஜாஸின் மாமனார் அப்துல் வஹாப், இறால் வியாபாரம் செய்துவந்தார். பொன்னேரியில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ஸ்பீக்கர் பெட்டி முன் சீட்டில் இருந்தது.

"அத எடுத்து பின்னாடி வெக்கட்டா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும் உடுங்க. நான் பின்னாடி கால நீட்டிக்கினு வரேன்" என்று பரீதா ஏறிக்கொண்டாள்.

கவரைப்பேட்டை தாண்டியதும் முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றது. இஜாஸ் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். லாரிக்கு ஒரு முழம் பின்னால் வேன் நின்றுவிட்டது. முட்டவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் பெருமூச்சு விட்டான். அதன் பிறகுதான் பாட்டு நின்றுபோயிருப்பது அவனுக்கு உறைத்தது. ஃபியூஸ் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தான். எந்த ஃபியூஸ் என்று யோசித்துக்கொண்டே திரும்பினான்.

பரண் இருந்த இடத்தில் கிழிந்த கார்பெட் தொங்கியது. ஆம்ப்ளிஃபயர் பலகைத் துண்டோடு பிய்த்துக்கொண்டு வந்து பரீதாவின் பிடரியில் அடித்துவிட்டு, அவள் காலடியில் கிடந்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். தூங்குகிற மாதிரித்தான் இருந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் செங்குன்றத்தைத் தாண்டவில்லை.

அடக்கம் பழவேற்காட்டில் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். அவள் விதி அவ்வளவுதான் என்றார்கள். இஜாஸின் தோளைத் தட்டி, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் என்றார்கள். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, வாசலில் நின்ற வேனுக்குள் மாமனார் குனிந்து எதையோ எடுப்பதை அவன் பார்த்தான். அவர் கையில் பலகையின் உடைந்த துண்டு இருந்தது. ஸ்க்ரூ இருந்த இடம் நெடுகக் கோடு போட்டதுபோல் பிளந்திருந்தது. வஹாப் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். நார் நாராக உதிர்ந்தது.

"இது இன்னா மரம் மாப்ள?"

"பேக்கிங் மரம் மாமா."

"எல்லா வண்டிக்கும் இதான் போட்றியா?"

இஜாஸ் தலையை மட்டும் ஆட்டினான். வஹாப் அந்தத் துண்டை வேனுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு அவர் அவனோடு பேசவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் இஜாஸ் கடையைத் திறந்தான். முதல் வேலையாக மூலையில் சாத்தியிருந்த பேக்கிங் பலகைகளை எல்லாம் வெளியே போட்டுக் கொளுத்தினான். தண்ணீரில் ஊறாத தடித்த பிளைவுட் வாங்கினான். இரும்பு ஆங்கிள், முழு நீள போல்ட், அகல வாஷர், அதிர்வு தாங்க ரப்பர் வாங்கினான். ஸ்க்ரூ மரத்தை மட்டும்தான் கவ்வும். போல்ட் என்றால் பலகையையும் ஆங்கிளையும் துளைத்து, வண்டியின் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஆம்ப்ளிஃபயரைச் சீட்டுக்கு அடியிலோ தரையோடு தரையாகவோ தவிர வேறெங்கும் வைப்பதில்லை என்று முடிவு செய்தான். இதெல்லாம் அவனுக்குப் புதிதாகத் தெரிந்ததல்ல. வேலை பழகிய நாளிலிருந்தே தெரியும். அதுதான் அவனை இரவும் பகலும் தின்றது.

ஆனால் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கெல்லாம் செய்தான் என்று அவன் குறித்து வைத்ததில்லை. முகம் ஞாபகம் இருந்தது, வண்டியின் நிறம் ஞாபகம் இருந்தது. கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுத் தேடப் போனான். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றான். ஆடி மாதம் பெரியபாளையம் கோயிலுக்கு வந்து நிற்கும் வேன்களுக்கு நடுவே தொப்பியோடு அலைந்தான். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்ததற்காக ஒரு டிரைவர் அவன் சட்டையைப் பிடித்தான். ஆம்ப்ளிஃபயரைத் திருட வந்தவன் என்று நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். உதடு கிழிந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அதே வேனின் டிரைவரிடம், "அந்தப் பலகைய மட்டும் கயட்டிடு நைனா" என்று கெஞ்சினான். சிலர் கழற்ற விட்டார்கள். சிலர் பேஜாரு பண்ணாதே என்று விரட்டினார்கள்.

தேர்வாய் கண்டிகையில் கம்பெனிப் பெண்களை ஏற்றிப்போகும் அன்புசெல்வனின் வேனை ஒரு மத்தியானம் கண்டுபிடித்தான். ஷிப்ட் விட்டு, பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அன்பு, அந்த ஆம்ப்ப கயட்டணும். நானே ஸ்ட்ராங்கா வேற போட்டுத் தரேன். டப்பு ஒன்னும் வேணாம்."

"யோவ், நல்லா அடிக்குது, அத்த ஏன் நோண்ற? எனக்கு டிரிப்புக்கு லேட்டாவுது."

"பலகை சரியில்லப்பா. பிரேக் போட்டா பிச்சிக்கும்."

"ரெண்டு வருசமா ஓட்றேன், இன்னா ஆச்சு?"

"என் சம்சாரம் போய்ட்டா" என்றான் இஜாஸ்.

அன்புசெல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தான். கேள்விப்பட்டிருப்பான் போலும். ஆனால் கடைசி சீட்டிலிருந்து நர்மதா என்ற பெண் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். தினமும் அந்தப் பலகைக்குக் கீழே தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறவள்.

"அண்ணே, எங்க தலைக்குப் பின்னாடி கீதே, அதுவா?"

"அதான்மா."

அவள் இறங்கினாள். அவள் இறங்கியதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். "கயட்டினா ஏர்றோம். இல்லாங்காட்டி பஸ்ல போறோம்" என்றாள் நர்மதா. அன்புசெல்வன் கத்திப் பார்த்தான். யாரும் அசையவில்லை. கடைசியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, "சீக்கிரம் முடி" என்றான்.

இஜாஸ் கார்பெட்டைக் கிழித்தான். ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் கதவிடுக்கு வழியாக ஏறிய ஈரத்தில் பலகை ஊதி, பிறகு வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு ஸ்க்ரூவை விரலால் பிடித்து இழுத்தான். பல் விழுகிற மாதிரி வந்துவிட்டது. அதை அன்புசெல்வனின் உள்ளங்கையில் வைத்தான். அவன் அதையும், நின்றிருந்த பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையை ஓங்கி இஜாஸின் கன்னத்தில் அறைந்தான்.

"இதுல என் தங்கச்சியும் வந்துகினு போய்கினு இருந்தாடா."

இஜாஸ் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. ஆம்ப்ளிஃபயரை இறக்கித் தரையில் வைத்தான். பெண்கள் ஏறினார்கள். பாட்டு இல்லாமல் வேன் போயிற்று. மறுநாள் அன்புசெல்வன் கடைக்கு வந்தான். இஜாஸ் பிளைவுட்டை அளந்து அறுத்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆங்கிள் வைத்துப் போல்ட் முடுக்கிக் கொடுத்தான். போகும்போது அன்புசெல்வன், தனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு டிரைவர்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

வருஷ ஃபாத்திஹாவுக்கு இஜாஸ் பஸ்ஸில் பழவேற்காடு போனான். ஆம்னியை ஓட்டுவதை அவன் விட்டிருந்தான். வஹாபின் வீட்டில் அவனை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். பரீதாவின் படம் எதுவும் கண்ணில் படவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். ஒரு வருடத்தில் அவர் தோள் ஒடுங்கிப்போயிருந்தது. கடைசிக் கவளத்தை வாயில் போடுமுன் அவர் கேட்டார்.

"பாக்கி எத்தினி வண்டி?"

யார் சொல்லி அவருக்குத் தெரிந்தது என்று இஜாஸுக்குப் புரியவில்லை. "கொஞ்சம் கீது மாமா. ஒரு செவப்பு காரு, நாயுடுபேட்டைப் பக்கம். வித்துட்டாங்களாம். யாராண்ட இருக்குன்னு தெரில."

"தேடு" என்றார் வஹாப். எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

இஜாஸ் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். கபர்ஸ்தானுக்குப் போய் பரீதாவை அடக்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நாயுடுபேட்டைக்குப் போக எங்கே பஸ் மாற வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினான்.