மச்சான் விழுங்கிய உப்பு

போன வாரம் மச்சான் வீட்டில் சாப்பிட்டேன். குழம்பில் உப்பில்லை. ரசத்தில் இல்லை. துவையலில்கூட — ஒரு கல் இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தூத்துக்குடியில் உப்புத் தரகர். காலும் முகமும் வீங்கி, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்து ஆறு மாதமாகிறது. பிளட் பிரஷராம். சிறுநீரகமும் தளர்ந்துவிட்டதாம். உப்பைத் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி தங்கம் அக்கா, வீடு முழுவதற்கும் உப்பில்லாமல்தான் சமைக்கிறார். மச்சான் மட்டும் பத்தியம் இருந்தால் மனசு கஷ்டப்படுமாம்.

வீக்கம் வடிந்ததா? எங்கே... கூடிக்கொண்டுதான் போகிறது.

"நான் என்ன பாவம் செஞ்சேன் தம்பி? ஊறுகாப் பரணியக்கூட தூக்கிக் குடுத்துட்டேனே" என்று அழுதார் அக்கா.

கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. மறுநாள் காலை மச்சானோடு உப்பளத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே பார்த்தால்... ஒவ்வொரு உப்புக் குவியலிலும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுகிறார். நாக்கைச் சுழற்றுகிறார். விழுங்குகிறார். அடுத்த குவியல். அதற்கடுத்தது. பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"என்ன மச்சான் இது?"

"கசப்பு இருக்கான்னு பாக்கணும்லா மாப்ளே. இது வேலைல்லா? சாப்பாட்டுல சேத்தியா?"

"துப்பித் தொலைய வேண்டியதுதான?"

"துப்புனா உப்பு கழிவுன்னு அர்த்தம். யாவாரி நம்ம வாயத்தான் பாத்துக்கிட்டு நிப்பான். முழுங்குனாத்தான் வாங்குவான்."

தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் அன்றைக்கே விளக்கியிருந்தார். உப்பு கூடினால் உடம்பு வெளியே தள்ளும். குறைந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். இத்தனை வருஷச் சிட்டிகைகளையும் அது சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாளாவது கவனித்தோமா? இப்போது முடியவில்லை. உப்பு உள்ளே தங்குகிறது, கூடவே தண்ணீரும் தங்குகிறது, கால் வீங்குகிறது, ரத்தம் முட்டுகிறது. வெளியிலிருந்து வருகிற காய்ச்சல், பேதி எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும் — உள்ளே ஒழுங்காய் நடந்துகொண்டிருந்த வேலை தடுமாறுவதே பாதி வியாதி.

"அக்காவும் பிள்ளையளும் ஆறு மாசமா உப்பில்லாம திங்காவ, மச்சான்" என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த குவியலுக்குப் போனோம். உப்பு வாங்க வந்த வியாபாரி பக்கத்திலேயே நின்றார். மச்சான் ஒரு சிட்டிகையை வாயில் போட்டார். என்னைப் பார்த்தார். பிறகு துப்பினார்.

வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். உப்பளத்துக்காரர் முறைத்தார். மச்சான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு நல்ல உப்புதான், அண்ணாச்சி. நாந்தான் கழிவு."