பொய்யாப்பட்டிக்காரர்

சின்னக்கண்ணுவின் ஊர் பொய்யாப்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஐம்பத்து நான்கு வருஷம் காலம் தள்ளுவது லேசான காரியமில்லை.

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதியாச்சு என்றால் வாத்தியார், "நிஜமாவா, பொய்யாவா?" என்று கேட்பார், வகுப்பே சிரிக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை சொல்கிற வருமானத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார் பின்னால் அவருக்கு மனைவியாக வந்த புவனேஸ்வரியின் தாய்மாமன். ஒரு விபத்துக்குச் சாட்சி சொல்லப் போனபோது, ஊரைக் கேட்ட ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பூ மார்க்கெட்டில் சின்னக்கண்ணுவின் மல்லிகைக் கூடையை மட்டும் கமிஷன் கடைக்காரர் இரண்டு தடவை தராசில் வைப்பார். விளையாட்டுக்குத்தான். ஆனால் தினமும் அதே விளையாட்டு.

மகன் அஜித்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையில் ஊர்ப் பெயர் வேண்டாம், திண்டுக்கல் என்று மட்டும் போட்டால் போதும் என்றான் அவன். சின்னக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பெயரையே மாற்றுவது என்று முடிவெடுத்து, பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு, கலெக்டருக்கு மனு அடிக்கத் திண்டுக்கல் பேகம்பூருக்குப் போனார்.

அங்கே கமர்ஜஹான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கல்லூரியில் தமிழ் படித்தவர். 'எங்கள் ஊரின் இழிவான பெயரை' என்ற வரியை அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"இழிவு இல்லண்ணே. மழை பொய்ச்சுப்போச்சுன்னு சொல்றோம்ல? பொய்யான்னா அப்படிப் பொய்க்காததுன்னு அர்த்தம். உங்க ஊர்ல வத்தாத கிணறு ஏதும் இருக்கா?"

இருந்தது. கோயிலுக்குப் பின்னால், குப்பை மிதக்கிற பழைய கிணறு. ஊரில் போர் அத்தனையும் காற்று வாங்கி, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்த வருஷத்திலும் அதில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அவருடைய மல்லிகைச் செடி பிழைத்ததே அந்தத் தண்ணீரில்தான். சந்தோஷப்பட வேண்டியவருக்குக் கோபம்தான் வந்தது.

"இம்புட்டு நாளா இத ஒருத்தரும் சொல்லலையேம்மா" என்றார். அதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டார் கமர்ஜஹான்.

மனு வேண்டாம் என்று சொல்லத்தான் சின்னக்கண்ணு கிராம சபைக்குப் போனார். அதற்குள் அங்கே மூன்று புதுப் பெயர்கள் வந்திருந்தன. ஒரு கூட்டம் யாரும் கேள்விப்படாத ஒரு ராஜாவின் பெயரைச் சொன்னது. ஒரு கூட்டம் சாமி பெயரைக் கேட்டது. இன்னொரு கூட்டம், முன்னாள் தலைவரின் அப்பா பெயரை வைக்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்றது. சின்னக்கண்ணு எழுந்து கிணற்றைப் பற்றிச் சொன்னார். எவரும் காதில் வாங்கவில்லை. மொக்கைச்சாமி என்பவர் மட்டும், கிணற்றை எப்போது தூர் வாருவார்கள் என்று கேட்டார். இரண்டு மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர், ஒத்துப்போகாமல் எதையும் மேலே அனுப்ப முடியாது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். பெயர் பிழைத்தது.

பத்திரிகையில் பொய்யாப்பட்டி என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார் சின்னக்கண்ணு. அஜித் இரண்டு நாள் பேசவில்லை. யாராவது சிரித்தால் இப்போது அவர் மழையிலிருந்து ஆரம்பித்துக் கிணறு வரைக்கும் விளக்குகிறார். கேட்டவர்கள் அடுத்த தடவை சிரிக்காமல் நழுவிவிடுகிறார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் எந்த ஊர் என்று கேட்டு, உடனே பேகம்பூருக்குப் போன் போடுகிறார். கீரனூர்னா என்னம்மா? சிறுமலைக்கு ஏன் சிறுமலைன்னு பேரு, அது பெருசாத்தான இருக்கு?

"மனு அடிக்கணும்னா வாங்கண்ணே. இல்லைன்னா போனை வைங்க, கடையில ஆள் நிக்குது" என்கிறார் கமர்ஜஹான்.