ஜிம்மியும் டைகரும் சண்டை போடவில்லை

சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது சித்தியோடு கட்டில், பீரோ, டைகர் மூன்றும் வந்தன. பெயர்தான் டைகர். பழுப்பு நிறத்தில் ஒரு முழம் நீளமுள்ள நாய். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஜிம்மி இருந்தது. வெள்ளைப் பாமரேனியன், தயிர் சாதம் தின்று வளர்ந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், கீழே இரண்டு அறையும் மாடியில் ஒன்றுமாக எங்கள் வீடு. அடுப்படி ஒன்றுதான். அதில் அம்மாவும் சித்தியும்.

நாய்கள் இரண்டும் பார்த்த நாளிலிருந்தே கட்டிப் புரண்டன. ஜிம்மி டைகரைக் கீழே தள்ளிக் கழுத்தைக் கவ்வும். டைகர் போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்ப்பார். அம்மா ஓடிவந்து கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றி இரண்டையும் பிரிப்பாள். கிடைப்பது பெரும்பாலும் சித்தி தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று பிடித்து வைத்த குடமாக இருக்கும். சித்தி காலிக் குடத்தை எடுத்துச் சத்தமாகக் கவிழ்த்து வைப்பாள்.

ஒருநாள் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இப்டியே அடிச்சிக்கினு கெடந்தா ஒண்ணு செத்துப்பூடும். உன் தம்பி கைல சொல்லு, அந்த நாய எங்கனா வுட்டுட்டு வரட்டும்."

டைகர் என் பாயில்தான் தூங்கும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்றுகூடச் சொல்லாமல் கையை மட்டும் தூக்குவேன். டைகரிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவேன். அதை எங்கேயும் கொண்டுபோய் விட விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பாய்வதற்கு முன்னால் ஜிம்மி முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பணிந்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வாலை ஆட்டியது. கொஞ்ச நேரம் அது மேலே இருந்தது. பிறகு தானாகவே மல்லாந்து டைகருக்கு இடம் கொடுத்தது. வாய் திறந்தே இருந்தது, பல் அழுந்தவில்லை. சித்தி மீன் கழுவும்போது ஒரு தலை நழுவி விழுந்த அன்றுதான் நிஜச் சண்டை எப்படித் தொடங்கும் என்று பார்த்தேன். இரண்டும் கட்டை போல விறைத்து நின்றன. வாய் மூடியிருந்தது, வால் அசையவில்லை, சத்தமே இல்லை. நான் துடைப்பத்தால் அந்தத் தலையைத் தள்ளிவிட்ட பிறகுதான் இரண்டும் அசைந்தன.

இன்னொரு நாள், மேலே இருந்த ஜிம்மியைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். பயந்த நாய் என்றால் தப்பித்தோம் என்று ஓடியிருக்க வேண்டும். டைகர் ஓடவில்லை. எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, திரும்பி வந்து ஜிம்மியின் வாலைக் கவ்வியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நாய்கள் புரள ஆரம்பித்ததும் அம்மா குடத்தைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதம்மா. பாரு."

ஜிம்மியை இழுத்துப் பிடித்தேன். டைகர் திரும்பி வந்தது. டைகரைப் பிடித்தேன். ஜிம்மி வந்து என் கையை நக்கிவிட்டு டைகரின் காதைக் கடித்தது.

சித்தப்பா சிரித்துவிட்டார். "இதுங்க வெளாடிக்கினு கீதுங்க அண்ணி. நம்மதான் தண்ணிய வேஸ்ட் பண்ணிக்கினு இருந்தோம்."

அப்பாவும் நான் காட்டியது சரிதான் என்றார். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். சித்தி அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. டைகர் பிழைத்துவிட்டது.

அந்த மாதமே சித்தப்பா மந்தைவெளியில் வீடு பார்த்துக்கொண்டு போனார். சாமான் ஏற்றும்போது எதிர்வீட்டு அம்மாள் காரணம் கேட்டார். "இன்னா பண்றது, ரெண்டு நாயும் ஒத்துப்போவல" என்றாள் அம்மா. சித்தப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அதுங்க சண்ட போடல" என்றேன். தெருவில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல்முறை. சித்தப்பா அடுத்த சாமானைத் தூக்கப் போனார். சித்தி என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, டைகரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

நான் சரியாகக் காட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் முழுக்க ஜிம்மியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி, அடுத்த முறை அவர்கள் வரும்போது இன்னும் எப்படித் தெளிவாகக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.